சாப்பிட்டுட்டுப் போகச் சொல்லுங்க

அக்கா, தப்பா நினைக்காதீங்க, உங்க போனை எட்டிப் பார்த்துவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்தால் கண் தானாகப் போகிறது, நான் என்ன செய்ய. நீங்க படிக்கிறது 'பாதாளம் பி-டூ' படக்கதைதானே? மாதுளம்பழம் வருகிற இடத்துக்கு வந்துவிட்டீங்க போல. அதோடு நிறுத்திக்கொள்ளுங்க. அதற்குக் கீழே எவ்வளவு தள்ளினாலும் கமெண்ட்தான் வரும். ஊர்ப்பட்ட பேர் "அடுத்த எபிசோடு எப்போ" என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். அடுத்தது கிடையாது.

இவளுக்கு எப்படித் தெரியும் என்று பார்க்கிறீங்க. வரைந்தது என் அக்கா. கூடப் பிறந்தவள். வான்மதி என்று பெயர், நான் வானு என்றுதான் கூப்பிடுவேன். நான் எழில்மதி, பிளஸ் டூ முடித்திருக்கிறேன். நம்பவில்லையென்றால் அந்த பார்க்கிங் வாசலில் மூன்று தலை நாய் ஒன்று படுத்திருக்குமே, அதைப் பாருங்க. துறையூரில் எங்கள் தெருவில் மூன்று நாய்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துதான் தூங்கும். ஒன்றை அதட்டினால் மூன்றும் குரைக்கும். அதைப் பார்த்துத்தான் வரைந்தாள்.

மெதுவாகவே பேசுகிறேன். முன்னால் மூன்றாவது சீட்டில் கழுத்தைத் தொங்கப்போட்டுத் தூங்குகிறாரே, கட்டம் போட்ட சட்டை, அவர்தான் அப்பா. வானுவை மணப்பாறையில் அவள் மாமியார் வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருக்கிறோம். திருச்சி வரைக்கும் எழுந்திருக்க மாட்டார்.

கதை உங்களுக்குத்தான் தெரியுமே. கிரேக்கக் கதையாம். பெர்சிபோன் என்று ஒரு பெண், அவள் அம்மா பயிர் பச்சைக்கெல்லாம் தெய்வம். பாதாளத்து ராஜா ஹேடீஸ் அந்தப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறான். வானு அதை அப்படியே திருச்சிக்குக் கொண்டுவந்துவிட்டாள். அம்மாக்காரிக்குக் காந்தி மார்க்கெட்டில் காய்கறி மண்டி. ஹேடீஸ் பெரிய ஜவுளிக்கடைக்கு அடியில் இரண்டாம் தளத்து கார் பார்க்கிங்கைக் கான்ட்ராக்ட் எடுத்தவன், வெயிலே படாமல் வெளுத்துப் போயிருப்பான். இடி மின்னல் கடவுள் கரண்ட் ஆபீஸ் இன்ஜினியர். அவருக்கு நான்தான் குரல். "லைன்ல வேலை நடக்குதும்மா. வரும், வரும், எப்ப வரணுமோ அப்ப வரும்." எங்க ஊர் கரண்ட் ஆபீஸ்காரர் இப்படியேதான் பேசுவார்.

எனக்கு அந்த வித்தை உண்டு அக்கா. யார் குரலாக இருந்தாலும் இரண்டு தரம் கேட்டால் போதும், தொண்டைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். பத்தாவது படிக்கும்போது ஹெட்மிஸ்ட்ரஸ் குரலில் மைக்கில் "நாளைக்கு லீவு" என்றேன், பாதி ஸ்கூல் பையைத் தூக்கிவிட்டது. வானு வசனம் எழுதும்போது என்னைத்தான் எதிரில் உட்கார வைப்பாள். "எழிலு, மண்டிக்காரம்மா கோவப்பட்டா எப்படிப் பேசும்?" நான் பேசுவேன், அவள் எழுதுவாள். சிரித்துச் சிரித்து அவள் கையிலிருந்து பேனா நழுவும். அவள் படம் வரைகிற டேப்லெட்டை, டேப் என்போம், டியூஷன் எடுத்துச் சேர்த்து வாங்கினாள். வாரா வாரம் வெள்ளிக்கிழமை ஒரு எபிசோடு. அதைப் பார்த்துவிட்டுத்தான் பெங்களூரில் ஒரு கார்ட்டூன் கம்பெனியில் வேலைக்குக் கூப்பிட்டார்கள். சம்பளம், ஹாஸ்டல், எல்லாம்.

அப்பாவுக்கு ஆகவில்லை. அவர் குரலில் சொல்கிறேன், கேளுங்க. "பொம்மை போடறதுக்கு எதுக்கு பெங்களூரு? எச்.டி. பைப் மேல கூடத்தான் பொம்மை போட்டிருக்கான்." எங்களுக்கு பைப் கடை, அதனால் அவருக்கு உலகமே பைப்தான். பெரிய சண்டை. அதற்குப் பிறகு வானு அவரிடம் நேராகப் பேசுவதையே விட்டுவிட்டாள். எல்லாம் அம்மா வழியாகத்தான். "அவரைச் சாப்பிட வரச் சொல்லும்மா." "அவளை லைட்ட அணைக்கச் சொல்லு." ஒரே வீட்டுக்குள் அம்மா தந்திக் கம்பி மாதிரி நின்றாள்.

கடைசியில் அப்பாவே இறங்கி வந்தார். அம்மாவையும் என்னையும் வைத்துக்கொண்டு வானுவிடம் சொன்னார். "ஒரே ஒரு இடம். வந்து பாத்துட்டுப் போகட்டும். உன் வாயால வேண்டாம்னு சொல்லிட்டா, நானே பெங்களூருக்குக் கொண்டுபோய் விடறேன். உன் வாயால சொல்லணும், அவ்வளவுதான்." வானு அம்மாவைப் பார்த்துத் தலையாட்டினாள். அன்று அவள் டேப்பை மடியில் வைத்துக்கொண்டு பாடிக்கொண்டே வரைந்தாள். வேண்டாம் என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதானே.

தரகர் ரெங்கநாதன் ஜாதகத்தோடு வந்தார். அவருக்கு மூக்கால் பேச்சு. "பையன் தங்கம்ங்க. குடி கெடையாது, வெத்தல கெடையாது. ஞானவேல்னு பேரு. மூணு போர்வெல் வண்டி ஓடுது." வானு என் காதில், "எழிலு, பூமிக்கு அடியில தொழில் பண்றவர். ஹேடீஸே தேடி வந்துட்டார்டி" என்றாள். விழுந்து விழுந்து சிரித்தோம். அம்மா வந்து இரண்டு பேர் முதுகிலும் ஒன்று வைத்தாள்.

நீங்க இப்போது படித்த எபிசோடு அந்த வாரம் போட்டது. பாதாளத்தில் ஒரு வாய் சாப்பிட்டால் மேலே திரும்ப முடியாது என்று பழைய கதையில் வருமாம். அது நம்ம ஆட்களுக்கு எப்படிப் புரியும் என்று வானு மண்டையை உடைத்துக்கொண்டாள். அப்புறம் பிடித்துவிட்டாள். கை நனைக்கிறது. உங்க பக்கம் உண்டில்லையா? பெண் பார்க்க வந்தால் பஜ்ஜி, காபி வரைக்கும் கணக்கில் வராது. இலை போட்டுச் சோற்றில் கை வைத்துவிட்டால் சம்மதம், பேச்சு முடிந்தது. பிடிக்கவில்லையென்றால் "இன்னொரு நாள் ஆகட்டும்" என்று எழுந்து போய்விடுவார்கள். பெர்சி முன்னால் மாதுளம்பழத் தட்டை வைத்துவிட்டு, "கை நனைச்சா முடிஞ்சது" என்று கீழே எழுதினாள். அதோடு அந்த வாரம் முடித்துவிட்டாள்.

கமெண்டில் ஒரே அடிதடி. அவன் ஏமாற்றித் தின்ன வைப்பான் என்று பாதிப் பேர். வானு என்னிடம் மட்டும் சொன்னாள். "பழைய கதையில ஏமாத்தித்தான் குடுக்கறான். என் பெர்சி ஏமாற மாட்டா. தெரிஞ்சே எடுத்து வாயில போடுவா, இல்ல தட்டைத் தள்ளி வைப்பா. எதுவா இருந்தாலும் அவ முடிவு." எது என்று கேட்டேன். "வெள்ளிக்கிழமை பாரு" என்றாள்.

அந்த வெள்ளிக்கிழமைதான் அவர்கள் வந்தார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள். மாப்பிள்ளை பேசவே இல்லை, சுவரில் இருந்த கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய அம்மா வானுவின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. "வெரலெல்லாம் நீளமா இருக்கு. நல்லா மாவு பெசையும்." வானு காபி கொடுத்துவிட்டு உள்ளே வந்தாள். அம்மாவிடம் "அவரு கேட்டா நானே சொல்றேன்" என்றாள். அப்போது பார்த்து பெங்களூரிலிருந்து போன். எங்கள் வீட்டில் சிக்னல் மாடியில்தான் சரியாகக் கிடைக்கும். கொல்லைப்பக்கப் படி வழியாக மேலே போனாள். ரூமில் நான் மட்டும். அவள் கழற்றி வைத்த மல்லிகைச் சரத்தை என் தலையில் வைத்துக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பா திரைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். "என்னம்மா. அவங்க கேக்கறாங்க. என்ன சொல்ற?"

அக்கா, நீங்களே சொல்லுங்க, யாருக்குத்தான் வாய் சும்மா இருக்கும்? வானுவின் குரலை எடுத்தேன். அவள் குரல் கொஞ்சம் கீழே இருக்கும், வார்த்தைக்கு முன்னால் ஒரு மூச்சு விடுவாள். அந்த மூச்சையும் விட்டேன். "சரிப்பா. சாப்பிட்டுட்டுப் போகச் சொல்லுங்க."

அவர் ஆடிப்போவார், அப்புறம் திரையை விலக்கி "ஏமாந்தீங்களா" என்று சொல்லலாம் என்று வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். அவர் ஆடவே இல்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். அப்புறம் ஹாலுக்குத் திரும்பி, "இலை போடுங்க" என்றார். கல்யாண மண்டபத்தில் சொல்கிற மாதிரி சத்தமாகச் சொன்னார்.

நான் சிரித்து முடித்து வெளியே வருவதற்குள் இலை விழுந்து, தண்ணீர் தெளித்து, மாப்பிள்ளையின் பெரியப்பா பருப்பைப் பிசைந்துகொண்டிருந்தார். வானு படி இறங்கி வந்தாள். அவ்வளவு பேரும் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்த்தாள். அந்த மூஞ்சியை நீங்க பார்த்திருக்கணும். அதை மட்டும் செய்து காட்ட முடியவில்லை. எனக்குக் குரல்தான் வரும், மூஞ்சி வராது.

"நான் சொல்லலம்மா" என்றாள், அடுப்படியில். "நான் மேல இருந்தேன்."

அப்பா வாசலிலிருந்தே சொன்னார். "என் காதால கேட்டேன். சரின்னா. சாப்பிடச் சொன்னா."

வானு என்னைப் பார்த்தாள். "எழிலு, நீ சொல்லு."

சொல்லியிருப்பேன். வாயில் வடை இருந்தது. அதுவும் போக, ஹாலில் அத்தனை பேர், அப்பா முகம் வேறு சிவந்திருந்தது. அதனால் கொஞ்சம் லேசாக்கலாமே என்று மாமியார்க்காரி குரலில், "நல்லா மாவு பெசையும்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. அம்மாதான் பாயசத்தைக் கிண்டிக்கொண்டே சொன்னாள். "கை நனைச்சுட்டாங்கடி. இனி வேண்டாம்னா அத்தனை பேரையும் அவமானப்படுத்தி அனுப்பினதா ஆயிடும். நம்ம வீட்ல இன்னொருத்தி இருக்கா." இன்னொருத்தி என்றால் நான்.

வானு இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள். அப்பா போனை வாங்கி வைத்துக்கொண்டார். பெங்களூரிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒரு நாள் அப்பா என்னை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போய் போனைக் கையில் கொடுத்தார். "உனக்குத்தான் வருமே. அவ மாதிரி பேசி, வரலைன்னு சொல்லிடு." அக்கா, என் பிறப்பில் அன்றைக்குத்தான் அப்பா என் வித்தையைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னார். அதுவரைக்கும் குரங்கு என்றுதான் சொல்வார். நான் அந்த மூச்சை விட்டு, கொஞ்சம் கீழே இறங்கி, "மேடம், எனக்குக் கல்யாணம். நானே விரும்பித்தான்" என்றேன். அந்த மேடத்துக்குத் துளி சந்தேகம் வரவில்லை. "ஆல் த பெஸ்ட் வான்மதி" என்றார்கள். "பெர்சிக்கு என்ன ஆச்சுன்னு எங்களுக்காவது சொல்லிடுங்க" என்றார்கள். எனக்கு எங்கே தெரியும். சிரித்துவிட்டு வைத்துவிட்டேன்.

வைகாசியில் கல்யாணம். சும்மா சொல்லக்கூடாது, பெரிய இடம்தான். அவர்கள் வண்டிகளுக்கெல்லாம் இப்போது எங்கள் கடை பைப்தான் போகிறது. அப்பா கடைக்கு புது போர்டு வைத்திருக்கிறார், ராத்திரியில் நீலமாக எரியும்.

ஆடி பிறந்ததும் சீர் வைத்துப் போய்க் கூட்டிவந்தோம். புதுப்பெண் ஆடியில் புருஷன் வீட்டில் இருக்கக்கூடாதே. அம்மா அந்த ஒரு மாதமும் பூத்துக் கிடந்தாள். விதவிதமாகச் சமைத்தாள், தலைக்கு எண்ணெய் வைத்தாள், வானு பக்கத்திலேயே படுத்தாள். வானுதான் பழைய வானு இல்லை. டேப் எங்கே என்றேன். மாப்பிள்ளை தன் தங்கை பையனுக்குக் கொடுத்துவிட்டாராம், கேம் விளையாட. வலது கை விரல்கள் இரண்டு வீங்கி மடங்காமல் இருந்தன. கேட்டதற்கு போர்வெல் பைப் இடித்தது என்றாள். வீட்டுக்குள் எப்படி போர்வெல் பைப் வந்தது என்று கேட்டேன். நல்ல ஜோக்தானே? சிரிக்கவில்லை. நான் மண்டிக்காரம்மாவைச் செய்து காட்டினேன், கரண்ட் ஆபீஸ்காரரைச் செய்தேன், மூன்று நாய்களையும் சேர்த்துக் குரைத்தேன். "போதும் எழிலு" என்றாள். வித்தை தெரிந்தவர்களுக்கு அதைவிட அவமானம் வேறு இல்லை அக்கா.

ஆடி முடிய இரண்டு நாள் இருக்கும்போது என்னைப் பக்கத்தில் உட்காரவைத்தாள். "எழிலு, ஒண்ணே ஒண்ணு செய். அன்னிக்குப் பேசினது நீதான்னு அப்பாகிட்ட சொல்லு. நான் சம்மதிக்கவே இல்லைன்னு அவருக்குத் தெரிஞ்சா அனுப்ப மாட்டார். வாக்குக் குடுத்திருக்கார்டி. என் வாயால சொன்னாத்தான்னு."

அடி விழும் என்று பயமாகத்தான் இருந்தது. ஆனால் அவள் என்னிடம் ஒன்று கேட்டு எவ்வளவு நாளாகிவிட்டது. சரி என்றேன். அப்பா ஹாலில் செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். போய் நின்று, "அப்பா, அன்னிக்கு ரூம்ல இருந்து சரின்னு சொன்னது வானு இல்ல. நான்தான்" என்றேன்.

நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "தெரியும்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. "என்ன தெரியும்?"

"அப்பவே தெரியும்டி. அவ என்னை அப்பான்னு கூப்பிட்டு மாசக்கணக்காச்சு. உள்ளேர்ந்து சரிப்பான்னு வந்துச்சு. பெத்தவனுக்குத் தெரியாதா எது எந்தக் குட்டின்னு." அடுத்த செருப்பை எடுத்தார். "இலை போட்டாச்சு, சாப்பிட்டாச்சு. போய் அம்மாவைப் பலகாரம் கட்டச் சொல்லு."

ரூமுக்குள் வானு துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடிக்கிற சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டது.

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்க. இத்தனை நாள் என் உசத்தியான வேலை அதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மூச்சு விட்டது, குரலை இறக்கியது, எல்லாம் சுத்தம். ஒரு 'ப்பா'வில் கோட்டை விட்டுவிட்டேன். குரலில் ஒரு குறையும் இல்லை, தெரியுமா? பேச்சில்தான் பிசகு. ஆனால் அவர் என்னமோ என் குரலையே கண்டுபிடித்த மாதிரி சொல்கிறார். அன்றிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கமில்லை.

இன்று காலையில் மணப்பாறையில் கொண்டுபோய் விட்டோம். சாப்பிட்டுத்தான் போகவேண்டும் என்றார்கள். அப்பா, மாப்பிள்ளை, நான், வரிசையாக உட்கார்ந்தோம். வானுதான் பரிமாறினாள், இடது கையால் கரண்டியைத் தாங்கிக்கொண்டு. அப்பா அவள் கையைப் பார்த்தார், இலையைப் பார்த்தார், இன்னும் கொஞ்சம் ரசம் என்றார். நான் கை கழுவப் பின்னால் போனபோது அவள் செம்பில் தண்ணீர் ஊற்றினாள். யாரும் இல்லை. அதனால் கேட்டே விட்டேன். "வானு, உண்மையைச் சொல்லு. அன்னிக்கு நான் பேசினதைத் திருப்பிப் பேசிக் காட்டறேன். உன் குரல் மாதிரி இருக்கா இல்லையா?" பேசிக் காட்டினேன். 'ப்பா'வை எடுத்துவிட்டுத்தான்.

செம்பு காலியாகிற வரைக்கும் ஊற்றினாள். "என் குரல்தான் எழிலு" என்றாள். "அச்சு அசலா என் குரல். சில நாள் நானேதான் சொல்லிட்டேனோன்னு தோணுது. தெரிஞ்சே சொல்லியிருப்பேன்னு நினைச்சுக்கிட்டா, இங்க இருக்கறது கொஞ்சம் சுலபமா இருக்கு."

கேட்டீங்களா அக்கா? குரலுக்குச் சொந்தக்காரியே சொல்லிவிட்டாள். இதற்கு மேல் அப்பா சொல்வதெல்லாம் கணக்கா? இவரை இப்படியே விட்டால் காலத்துக்கும் பெருமையடித்துக்கொள்வார், எது எந்தக் குட்டி என்று. அடுத்த வருஷம் எனக்கும் பார்க்கவேண்டும் என்று மாமியார்க்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தார், அது ஒரு பக்கம்.

இருங்க. உங்களுக்கே ஒன்று செய்து காட்டுகிறேன். அவர் தூக்கத்தில் இருக்கிறார், ஆனால் காது தூங்காது. கொஞ்சம் குனிந்துகொள்கிறேன், உங்க பை மறைக்கும். 'ப்பா' கிடையாது இந்தத் தடவை. வானுவின் அந்த மூச்சு மட்டும்.

"நிறுத்தச் சொல்லுங்க. நான் எறங்கணும்."

பார்த்தீங்களா. பார்த்தீங்களா அக்கா, எப்படி எழுந்தார் பாருங்க. கம்பியைக்கூடப் பிடிக்கவில்லை. "வண்டிய நிறுத்துங்க. கண்டக்டர், நிறுத்தச் சொல்லுங்க, என் பொண்ணு எறங்கணும்." இது நான் செய்கிற குரல் இல்லை, அவரே பேசுகிறார். இவ்வளவு சத்தமாக அவர் பேசி நானே கேட்டதில்லை.

நின்றுவிட்டது. நடுக்காட்டில் நிறுத்திவிட்டார்கள். யார் இறங்கணும் என்று கண்டக்டர் கேட்கிறார். அப்பா ஒவ்வொரு சீட்டாகப் பார்த்துக்கொண்டே வருகிறார், முக்காடு போட்டுத் தூங்குகிற அந்தப் பெண்ணைக்கூடக் குனிந்து பார்க்கிறார்.

திரும்பாதீங்க அக்கா. போனைப் பார்த்துக்கொண்டே இருங்க. எனக்குச் சிரிப்பு வந்துவிடும்.